சாயங்கால வாசனை

— மூடு, மூடு அந்தக் குப்பியை! செத்துப்போன எம் மாமியா எந்திரிச்சு வந்து எதிர்ல நிக்கிற மாதிரி இருக்கு.

— கஸ்தூரி கொஞ்சம் தூக்கலா இருக்கு, அக்கா. முகத்தை வாசப் பக்கம் திருப்புங்க, காத்து படட்டும். அவசரப்படாதீங்க.

— அவசரமா? கேளு பொண்ணே, காலைலேர்ந்து இந்த ஹாஃபா சந்தையில ஏழு கடை ஏறி எறங்கிட்டேன். எல்லாப் பொம்பளையும் சொல்லி வச்ச மாதிரி, "துஃபூல் கடைக்குப் போங்க, சலாலாவுலயே அவ மூக்குதான் மூக்கு"ங்கறாளுங்க. நீ என்னடான்னா எம் மாமியாளை எழுப்பி விடுற.

— கல்யாண வீட்டுக்குப் போடவா?

— இந்த மூஞ்சியைப் பாத்தா கல்யாணத்துக்குப் போற மூஞ்சி மாதிரியா தெரியுது? வியாழக்கிழமைதான் இத்தா முடிஞ்சுது. புருசன் போயி நாலு மாசம் பத்து நாள். பூசிக்க அத்தர் கெடையாது, முடிக்குப் புகை கெடையாது, சோப்புகூட வாசனை இல்லாத சோப்பு. என் கையே எனக்கு யாரோட கையோ மாதிரி ஆயிடுச்சு.

— அல்லா அவருக்கு ரஹ்மத் செய்யட்டும்.

— அவருக்குச் செய்வான். எனக்கு நீ செய். தினசரி போட ஒண்ணு வேணும். எந்திரிச்சு மூஞ்சி கழுவினதும் ரெண்டு சொட்டு வச்சா மனசு ஒரு எடத்துல உக்காரணும். அவ்ளோதான்.

— இப்ப உக்கார மாட்டேங்குதா?

— நேத்து மருமக மேல காவாக் காப்பிக் கெண்டியைத் தூக்கி வீசிட்டேன். ஏன்? பேரீச்சம்பழத் தட்டை எடம் மாத்தி வச்சுட்டாளாம். பேரன் என்னைக் கண்டா கதவுக்குப் பின்னால போயி நிக்கிறான். இன்னைக்குக் காலைல மவன் வந்து, "உம்மா, கொஞ்ச நாளு பக்கத்து ஊரு தாக்காவுல சித்தி வீட்டுல இரு"ங்கறான். முப்பது வருஷம் நான் குப்பை கொட்டின வீடு! இத்தா முடிஞ்சு வெளிய வந்தா, வீட்டை விட்டே வெளிய போங்கறான். சாயங்காலம் வரைக்கும் தவணை கேட்டிருக்கேன். மனுசியா திரும்பி வரேன் பாருன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

— சரி. கையை நீட்டுங்க. வெள்ளைச் சந்தனம், மேல கொஞ்சம் குந்திரிக்கம். முழங்கை மடிப்புல வைக்கிறேன். இழுத்து மோக்காதீங்க. அதுவா வரட்டும்.

— ம்...

— எப்படி?

— ஆஸ்பத்திரி வராந்தா. அழுகை வருது. தொடை, தொடை.

— இது குங்குமப்பூவும் அம்பரும். இந்தக் கையில.

— ஏய், இது நல்லாருக்கே! பதினெட்டு வயசுப் புள்ளை மாதிரி சிரிப்பு வருது. அய்யய்யோ, வேணாம் பொண்ணே. புருசன் செத்தவ இளிச்சுக்கிட்டுத் திரியறாளேன்னு எம் மவன் தாக்காவைத் தாண்டிக் கொண்டுபோயி விட்டுருவான்.

— அழவும் கூடாது, சிரிக்கவும் கூடாது, கோவமும் வரக் கூடாது. அப்ப என்னதான் வேணும்?

— இரு, பையில இருக்கு. இந்த டப்பாவுல இருக்கே, இதான் வேணும்.

— ...என்ன இது?

— நூறு ஆம்பளை வந்து போற கடை, இது தெரியலையா? அங்கிக் கழுத்துல தொங்குற குஞ்சம். அவரு கடைசியாப் போட்ட அங்கிலேர்ந்து வெட்டி எடுத்தேன். டப்பாவுல அடைச்சு அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். இத்தாவுல மோந்தா கூடுமோ கூடாதோன்னு தொறக்கவே இல்ல. நேத்து கெண்டியை வீசிட்டு, ஓடிப்போயித் தொறந்தேன். அப்படியே தூங்கிட்டேன் பொண்ணே. நாலு மாசத்துல மொதத் தூக்கம்.

— மூடுங்க, அக்கா.

— ஏன்?

— கடை வாசனையெல்லாம் அதுல ஏறிடும். மூடுங்க.

— நீ கிட்ட வச்சுக்கூடப் பாக்கல! மோந்து பாரு. இதே மாதிரி ஒரு குப்பி போட்டுக் குடு.

— இங்கேர்ந்தே தெரிஞ்சுது. இது என்னால ஆகாது.

— மூக்குதான் மூக்குன்னாளுங்க? சரி, நானே வழி சொல்றேன். தினம் அவரு கெளம்பும்போது குஞ்சத்தை நான்தான் ரோஜா அத்தர்ல முக்கி விடுவேன். கட்டின நாள்லேர்ந்து என் கைதான். தோப்புக்குப் போவாரு, தென்னைக்குத் தண்ணி பாய்ச்சுவாரு, மத்தியானம் அங்கயே படுத்து எந்திரிச்சு அஸர் தொழுதுட்டு வருவாரு. அப்பப் பாக்கணும்! என் ரோஜா அவரு வேர்வையில ஊறி ஊறி இப்படி மாறி இருக்கும்.

— எப்பவுமேவா?

— இல்ல, கடைசி ஒம்பது வருஷமாத்தான். வயசாக ஆக ஒடம்புச் சூடு மாறுமாமே, அதனால இருக்கும். அதுக்கு முன்னாடி எங்க வீட்டுல தட்டு பறக்கும், செருப்பு பறக்கும். இந்த வாசனை வந்தது, சண்டையே போச்சு. வாசல்ல வச்சே அவரு கழுத்துல மூஞ்சியைப் பதிப்பேன். கேக்கணும்னு மத்தியானம் பூரா சேத்து வச்சதெல்லாம் மறந்துபோகும்.

— கேக்க என்ன இருந்துச்சு உங்களுக்கு?

— பொம்பளைக்கு இருக்கறதுதான். ஏன் லேட்டு, தோப்புல அப்படி என்ன வேலை... அதை விடு. ரோஜாவுல எதைச் சேத்தா இப்படி ஆகும்? ஜவ்வாதா? நீ கலக்கத் தெரியாம முழிக்கிற, நான் வெறும் வேர்வையில பண்ணியிருக்கேன் பாரு! என் கை ராசி.

— அது உங்க ரோஜா இல்ல.

— என்னது?

— ஒண்ணுமில்ல.

— இல்ல, சொல்லு. நான் வச்சது எனக்குத் தெரியாதா?

— உங்களுக்குத் தெரியல, அக்கா. தோல்ல வச்ச வாசனை மாறும், ஆளுக்கு ஆள் மாறும், ஒத்துக்கறேன். குஞ்சம் நூலு. நூல்ல வச்சது மங்கும், மாறாது. காலைல ரோஜா வச்சா சாயங்காலம் வாடின ரோஜாதான் இருக்கும். இதுல ரோஜா ஒரு பொட்டுகூட இல்ல. கழுவி, காய வச்சு, வேற ஒண்ணுல முக்கியிருக்கு. அதைக் கலக்க எத்தனை நாள் ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா? வேர்வையாம்!

— கழுவியா? தோப்புல யாரு கழுவறது?

— தெரியாது.

— தென்னமரம் கழுவுமா?

— எனக்கு எப்படித் தெரியும், அக்கா? விடுங்க.

— ஒம்பது வருஷம்... மத்தியானம் மத்தியானம்... அல்லாவே! எவ அவ?

— உக்காருங்க. விழுந்துடப் போறீங்க.

— எவளோ கை வச்ச கழுத்துலயா நான் மூஞ்சியைப் பதிச்சேன்? வேலைக்காரியை வெளிய அனுப்பிட்டு வாசல்ல போயி நிப்பேன் பொண்ணே, மொத மூச்சு எனக்குக் கெடைக்கணும்னு!

— தண்ணி குடிங்க.

— இப்பவும் அந்த டப்பாவைத் தொறன்னுதான் மனசு சொல்லுது. இதைவிடக் கேவலம் உண்டா?

— அது வேணாம். தூக்கிப் போடுங்க. உங்களுக்குன்னு புதுசா ஒண்ணு போட்டுத் தரேன், சாயங்காலத்துக்குள்ள. சந்தனம், எலுமிச்சை இலை, துளி அம்பர். கிராம்பு சேக்க மாட்டேன், தும்மல் வராது.

— கிராம்பா?

— என்ன பாக்கறீங்க?

— கிராம்பு எனக்கு ஆகாதுன்னு நான் எப்ப சொன்னேன்?

— வந்ததுமே சொன்னீங்களே.

— பேரையே சொல்லலையே நான். ஏழு கடையிலயும் எந்த வீடு, யாரு பொஞ்சாதின்னு குடைஞ்சு எடுத்தாளுங்க. நீ கேக்கவே இல்ல.

— மயாஸா அக்கா...

— ஓ. பேரும் தெரியுது.

— நிக்காஹ் பண்ணித்தான் அக்கா. ரெண்டு சாட்சி வச்சு. வெளிய சொல்லாதன்னது அவரு. மையத்து வீட்டுக்கு வந்தேன். கூட்டத்தோட கூட்டமா உங்க கையைப் புடிச்சு ஆறுதல் சொல்லிட்டுப் போனேன். நானும் இத்தா இருந்தேன். இதே கடையில, மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு, ஊருக்கெல்லாம் அத்தர் வித்துக்கிட்டு. கேட்டவங்களுக்குச் சளின்னு சொன்னேன்.

— அழாத! எம் முன்னால அழாத நீ. அதுக்கு உரிமை எனக்கு.

— சரி.

— உன் ஒடம்பு வாசனை. உன் ஒடம்பு வாசனையை மோந்துதான் நான் வாயை மூடிக்கிட்டுக் கெடந்திருக்கேன். வீடு போகுது, மவன் போறான், உங்கிட்ட வந்து உன்னையே பிச்சை கேட்டு நிக்கறேன். இந்தா, டப்பா. உன்னோடதை நீயே வச்சுக்க.

— என்னோடது இல்ல அக்கா. என் வாசனை ஒரு துளிகூட உங்க வாசப்படி ஏறிடக் கூடாதுன்னு, உங்களுக்கு எது புடிக்கும், எதை மோந்தா கோவம் அடங்கும், எதை மோந்தா ஒண்ணும் கேக்காம தூங்கிடுவீங்கன்னு அவரு பக்கத்துல உக்காந்து ஒண்ணொண்ணா சொல்லச் சொல்ல, உங்களுக்காக நான் கலந்தது.