ஒரிஜினல் வாட்டர் பம்ப்

பழைய ஜீப்பில் வாட்டர் பம்ப் மாற்றுவது பெரிய வேலை இல்லை. நடுவில் டீ குடித்தாலும் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். மொழிபெயர்க்க வந்திருக்கும் நீங்களும் தமிழர் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். அதிகாரிக்கு அப்படியே அரபியில் சொல்லிவிடுங்கள்.

என் பெயர் அழகுமலை. அஜ்மானில் பர்ச்சேஸ் மேனேஜர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருக்கிறேன். மனைவி நாகவள்ளியின் வாஷிங் மெஷினை வெளியே தள்ளிவிட்டு, எண்பத்து நான்காம் வருடத்து ஜீப் ஒன்றை உள்ளே நிறுத்தினேன். மூன்று வருடம் உழைத்தேன். வண்டியில் ஒவ்வொரு போல்ட்டும் அதனோடு பிறந்ததாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. வாட்டர் பம்ப் மட்டும் எவனோ மாட்டிய டூப்ளிகேட், அதுவும் ஒழுகிக்கொண்டிருந்தது.

மீராசா அண்ணனிடம் அதே வருடத்து வண்டி. கீழக்கரைக்காரர், அத்தர் கடை வைத்திருந்தார். அவர் வண்டியின் பம்ப் கம்பெனி முத்திரையோடு இருந்தது. முத்திரை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. சர்வீஸுக்கு என் கொட்டகையில்தான் விடுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

மே மாதம் அப்படி விட்டபோது மாற்றிக்கொண்டேன். திருட்டு என்று எழுத வேண்டாம். என்னுடையதைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டேன். புதிது வாங்கிப் போட்டிருக்கலாமே என்று அதிகாரி கேட்கிறார். புதிது பளபளக்கும். பானட்டைத் திறந்ததும் தெரிந்துவிடும், அவர் மனது கஷ்டப்படும். ஒழுகுகிற பம்ப் ரோட்டில் ஓடிவிடும், மணலில் தாங்காது, இன்ஜின் கொதித்துவிடும். அது தெரியும். தெரியாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

பாலைவனத்தில் ஒற்றை வண்டியாக இறங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமைகளில் அவர் வண்டி முன்னால், என் வண்டி பின்னால். அந்த வெள்ளிக்கிழமை, மூன்று வருட உழைப்பை மணலில் இறக்க எனக்கு மனம் வரவில்லை. முன்னால் போங்கள், பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கொட்டகையில் பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதே முக்காலுக்குப் போன் வந்தது.

"அழகு, வண்டி கொதிக்குதுப்பா. குடிக்க வச்சிருந்த தண்ணியையும் ரேடியேட்டர்ல ஊத்திட்டேன். எங்க வந்துட்டே?"

"பக்கத்துல வந்துட்டேண்ணே. வண்டிய விட்டு நகராதீங்க."

"போலீஸக் கூப்பிடவா?"

"வேணாம்ணே. வண்டியத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் ஆமிராகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்."

சிரித்தார். ஆமிரா அவர் மனைவி. இந்த வயதில் இது தேவையா என்று வாராவாரம் கேட்பார்.

போலீஸ் வந்தால் மெக்கானிக் வருவான். அவன் பானட்டைத் திறப்பான். அதனால்தான் வேண்டாம் என்றேன். எப்படியும் அந்தப் பக்கம் ஒட்டகக்காரர்கள் யாராவது வருவார்கள் என்று நினைத்தேன். அவர் மேலும் நான்கு முறை கூப்பிட்டார். மூன்று முறை எடுத்து, வந்துகொண்டிருக்கிறேன் என்றேன். நான்காவது முறை கை முழுக்க பாலிஷ். பன்னிரண்டு மணிக்கு மேல் அழைப்பு வரவில்லை. யாரோ வந்துவிட்டார்கள் என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு ஆமிரா அழுதுகொண்டு போன் செய்ததும், போலீஸுக்குச் சொல்லிவிட்டு, நாகவள்ளியின் காரில் புறப்பட்டேன். மணல் தொடங்கும் இடத்திலிருந்து உங்கள் ரோந்து வண்டிதான் உள்ளே அழைத்துப்போனது. நாற்பத்தெட்டு டிகிரி. அண்ணன் ஜீப்புக்கு அடியில், அந்த நிழலுக்குள் படுத்திருந்தார். நான் சொன்னபடி வண்டியை விட்டு நகரவில்லை.

அடக்கத்தில் ஆமிரா என்னிடம், "நீங்களாச்சும் தேடிப் போனீங்களேண்ணே" என்றார். நல்ல பெண்மணி.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் வந்தேன். பம்பை மாற்றியது நான், போலீஸ் வேண்டாம் என்றது நான், வராமல் இருந்ததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் அதிகாரிக்குப் புரிய வையுங்கள். அண்ணன் வண்டியை மூன்று வாரமாக உங்கள் யார்டில் திறந்த வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். டேஷ்போர்டு ஒரிஜினல், வெயிலில் விரிசல் விட்டுவிடும். தயவுசெய்து கொஞ்சம் நிழலில் தள்ளி விடச் சொல்லுங்கள்.