பொத்தான் இல்லாத பணப்பை

என் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது, ஐயா. வருகிறவர் நின்றுகொண்டே பேசுவார். பேச்சும் சீக்கிரம் முடியும். தேவைக்கு மேல் எதையும் வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது. இதை முதலில் எழுதிக்கொண்டால் மற்றது எளிதில் விளங்கும்.

நாங்கள் நான்கு பேர் ஒரு கிரிப்டோ நாணயத்துக்கான மென்பொருளைப் பராமரித்தோம். பரிமாற்றங்களைச் சரிபார்ப்பதுதான் அதன் வேலை. யாரோ ஒரு புண்ணியவான் அதன்மேல் பணம் அனுப்பும் வாலட் திரை ஒன்றை ஒட்டவைத்திருந்தார். பெரிய எழுத்து, பச்சைப் பொத்தான், அனுப்பும் முன் "இவருக்குத்தானா? நிச்சயமா?" என்று ஒரு கேள்வி. பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். எடுத்துவிடலாம் என்றேன். விசைப்பலகையில் கட்டளையை அடிக்கத் தெரியாதவருக்குப் பணம் எதற்கு?

குழுவிலிருந்த ஒரே பெண் மட்டும் மறுத்தாள். "எல்லாரும் உங்கள மாதிரியே இருப்பாங்களா? தப்பா அடிச்சா யாரு பொறுப்பு?"

"குறிப்பு எழுதி வைக்கிறேன். படிச்சா தப்பு வராது."

வாக்கெடுப்பில் நான் வென்றேன். திரை போயிற்று.

குறிப்பில், பணம் அனுப்பும் கட்டளைக்கு ஒரு மாதிரி வரி வேண்டும். அதில் பெறுபவரின் இடத்தில் செல்லாத முகவரியைப் போடுவதுதான் வழக்கம். நான் கைக்குக் கிடைத்த என் சொந்த வாலட் முகவரியைப் போட்டேன். அவசரம். முதல் வாரமே முன்பின் தெரியாத மூன்று பேரின் பணம் என்னிடம் வந்து சேர்ந்தது. மாதிரி வரியை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மாற்றியிருக்கலாம். ஆனால் ஏன் மாற்றினாய் என்று அந்தப் பெண் கேட்பாளே.

நான்காவதாக வந்தது என் அக்காவின் பணம். அக்கா தையல்காரி. பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அந்த மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் முழுதும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கென்று சேர்த்ததை இந்த நாணயத்தில் போடச் சொன்னவனும் நான்தான். பழைய திரையில் அவளே தடவித் தடவி அனுப்பிவிடுவாள்.

"தம்பி, குறிப்புல இருந்தபடியேதான் போட்டேன். ஆஸ்பத்திரில வரலங்கிறாங்க. யாருகிட்டடா போச்சு?"

அவள் பணம் என் கண்ணெதிரே இருந்தது.

"தப்பா அனுப்பினா திரும்ப வராதுக்கா. யாருன்னும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் இதோட சிறப்பே."

"சரி, நீ மனச விட்டுடாத," என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள். பாவம், நல்லவள்.

ஒரு காசைக்கூட நான் தொடவில்லை, சோதித்துப் பாருங்கள். திருடன் என்று மட்டும் எழுதாதீர்கள். திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருந்தால், திரை வேண்டும் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடாதா? பத்து நாள் நிதானமாக யோசித்தேன். அதற்குள் கெடு முடிந்துவிட்டது.

இப்போது அக்காவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. இனி அவளுக்குத் திரை எதற்கு, நீங்களே சொல்லுங்கள்.