வெள்ளிக்கிழமை மட்டும் திறக்கும் இடம்

“அக்கா, வெள்ளிக்கிழமை வைனை வாயில வைச்சுத் துப்பினாலும் விரதம் முறிஞ்சதுதானே?”

அல்பர்ட்ஸ்லுண்ட் நிலையத்தில் ரயிலேறி எனக்கு எதிரே அமர்ந்த இரு பெண்களில் இளையவர்தான் கேட்டார். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. பிரான்ஸ் பயணத்தில் எந்தெந்தத் தோட்டங்களில் வைன் சுவைத்துப் பார்ப்பது என்று கைபேசியில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“ஓம், முறிஞ்சதுதான். அந்தத் தோட்டத்தை விட்டிட்டு மற்ற மூண்டுக்கும் போவம்.”

“அதைத்தான் விடேலாது. வெள்ளி மட்டும்தான் திறப்பினமாம்.”

“அப்பிடி என்ன இருக்கு அங்க?”

“எங்கட ஏழாம் அறை மனுசன், முந்தி வைன் கடை வைச்சிருந்தவர். இப்ப பெத்த மகளையே ஆரெண்டு கேக்கிறார். பிறந்தநாளுக்கு ஒரு கிளாஸ் வைன் குடுத்தனான். குடிக்கேல்லை, மூக்குக்கிட்ட வைச்சு மணந்தார். மணந்துபோட்டு இந்தத் தோட்டத்தின்ர பேரைச் சொன்னார். போத்தலைத் திருப்பிப் பாத்தா அதேதான் எழுதியிருக்கு!”

மூத்தவர் கைபேசியை வாங்கி அந்தத் தோட்டத்தின் பக்கத்தைத் திறந்தார்.

“அப்ப வெள்ளி அங்கயே போவம். மணந்து பாத்தா விரதம் முறியாது.”

“ஒரு போத்தலும் வாங்கவேணும் அக்கா. அவரின்ர மகள் வாற நாளில அவருக்கு முன்னால திறப்பம்.”