ஒன்பதாம் அத்தியாயத்தில் வரும் வழி

எழுத்தாளர்களுக்கு டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். பதினான்கு பேரைப் பேட்டி எடுத்ததில் நான் முதலில் தெரிந்துகொண்டது இதுதான். இன்ஸ்பெக்டர் ஐயா, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஏட்டையா ஒருவரை உட்காரவைத்தீர்கள். வேண்டாம் என்று பேப்பரை நானே வாங்கிக்கொண்டேன். அடுத்தவர் கையால் எழுதினால் ஒரு வார்த்தை கூடும், ஒரு வார்த்தை குறையும். எனக்கு அது ஆகாது.

என் பெயர் திருமூர்த்தி. மண்ணரையில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக ஏற்றுமதி. அதோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சின்னதாக ஓர் இலக்கிய இதழும் கொண்டுவருகிறேன். கம்பெனி மாடியில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்தாளர் யாரையாவது அழைத்துப் பேசவைப்போம். முதல் புத்தகம் எப்படி வந்தது, முதலில் யார் படித்தார்கள், வீட்டில் என்ன சொன்னார்கள், எல்லாம் கேட்பேன். பாதிப் பேர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எழுதுவதாகச் சொல்வார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும், எட்டு மணிக்கு முன்னால் எழுந்த முகம் அல்ல. இருந்தாலும் தலையாட்டுவேன். கடைசிக் கேள்வி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். "அடுத்த புத்தகம் எழுத உங்களுக்கு என்னங்க வேணும்?"

பேச்சை ஓர் எழுத்து விடாமல் தட்டச்சு செய்து, பக்கத்துக்குப் பக்கம் அவர்களிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அச்சுக்கு அனுப்புவேன். தொழிலில் வந்த பழக்கம். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒரு பனியனைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது அப்ரூவல் சாம்பிள். அப்புறம் ஐம்பதாயிரம் பீஸ் தைத்தாலும் கழுத்துப்பட்டி அரை சென்டிமீட்டர் மாறக் கூடாது. அதே பையர் போன் போட்டு மாற்றச் சொன்னாலும் எழுத்தில் வரட்டும் என்பேன். வாய்ப்பேச்சை நம்பி நொடித்துப்போனவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்துவிட்டேன்.

பதினான்காவது ஆள்தான் நதியா. என் கம்பெனியிலேயே செக்கிங் பிரிவில் இருந்தவள். இருபத்தேழு வயது. சாத்தூர்ப் பக்கம் ஊர். அங்கே அம்மா கருத்தம்மாவும் தம்பி முனீஸும். அவள் நாவல் எழுதியிருக்கிறாள் என்பதே அது அச்சாகி ஒரு பரிசும் வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. படித்து முடித்துவிட்டு ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதை மறைக்க வேண்டியதில்லை. எந்தத் துணி நிற்கும், எது ஒரு தண்ணீர் பட்டதும் சுருங்கும் என்று பார்த்துப் பழகிய கண் என்னுடையது. அந்த நாவல் நிற்கும்.

பேட்டி நாலு மணி நேரம் நடந்தது. கடைசிக் கேள்விக்கு அவள் சிரித்துக்கொண்டே சொன்னதை அப்படியே தருகிறேன். "ஷிப்ட் முடிஞ்சு வந்தா எனக்குத் தூக்கந்தான் சார் வருது. யாராவது என்னைய ஒரு ரூம்ல போட்டு, வெளிய பூட்டி, எழுதி முடிச்சாத்தான் தொறப்பேன்னு சொன்னாத்தான் உண்டு."

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். பத்தொன்பதாம் பக்கத்தில் அது இருக்கிறது. கீழே அவள் கையெழுத்து.

மங்கலத்தில் எங்களுடைய பழைய தறிக்குடோனுக்கு மேலே ஓர் அறை சும்மா கிடந்தது. வெள்ளையடித்தேன். மேசை, கட்டில், மின்விசிறி போட்டு, உள்ளேயே குளியலறை கட்டி, ஜன்னலுக்கு நல்ல கம்பியாகப் போட்டேன். சுற்றிலும் விசைத்தறிகள். ஒரே சீரான சத்தம் கவனத்துக்கு நல்லது என்று நினைத்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டால் வெளியே கேட்காது என்பதைப் பின்னால்தான் கவனித்தேன். கவனித்த பிறகும் இடத்தை மாற்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பத்து நாள் தங்கி எழுதுங்க, சம்பளத்தோடு லீவு என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் ஸ்டாப்பில் நின்று நடத்திக் கூட்டிப்போனேன். பை ஒன்றுதான். வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள். யாரிடமும் சொல்ல வேண்டாம், பார்க்க ஆள் வந்துகொண்டே இருந்தால் எழுத்து ஓடாது என்று சொல்லியிருந்தேன். போனையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அவளே கொடுத்தாள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினோராம் நாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நாலு அத்தியாயந்தானுங்க கண்ணு ஆயிருக்குது. முடிஞ்சதும் தொறக்கறேனுங்க" என்றேன்.

"சார், அது வெளாட்டுக்குச் சொன்னது."

"எழுத்துல அப்படி இல்லீங்களே" என்று பத்தொன்பதாம் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு கதவை நோக்கி ஓடினாள். நான் முன்பே பூட்டியிருந்தேன். சாவி என் இடுப்பில் இருந்தது. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தள்ளுமுள்ளு. மற்றபடி என் விரல்கூட அவள் மேல் பட்டதில்லை. ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை, வாங்க போங்க தவிர வேறு பேசியதில்லை.

அப்புறம் மூன்று நாள் எழுத மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். எழுதாத நாளில் பசியே எடுப்பதில்லை என்று முன்பு ஓர் எழுத்தாளர் பேட்டியில் சொல்லியிருந்தார். அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்த்தேன். சாப்பாட்டுக் கேரியரைத் திருப்பிக் கொண்டுபோனேன். நாலாம் நாள் காலையில் இரண்டு பக்கம் இருந்தது. நல்ல பக்கங்கள். அன்றையிலிருந்து இரண்டு வேளையும் கேரியரை நானே கொண்டுபோனேன். ஒரு நாள்கூட வேறு ஆளிடம் கொடுத்தனுப்பியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெக்கார்டரை வைத்துப் பேட்டியும் தொடர்ந்தது. இந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது, இந்த வரி முதலிலேயே மனதில் இருந்ததா என்று கேட்பேன். எந்தக் கேள்விக்கும் அவள் ஒரே பதில்தான் சொல்வாள். "கதவத் தொறந்து விட்ருங்க சார்." அதையும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.

செக்கிங்கில் அவளோடு நின்ற தேவிப்பிரியா இரண்டு தடவை ஆபீஸுக்கு வந்து கேட்டாள். மைசூர்ப் பக்கம் எழுத்தாளர் முகாமுக்குப் போயிருக்கிறாள் என்றேன். போனில் வருகிற செய்திகளுக்கும் நான்தான் பதில் போட்டேன். நாலு மணி நேரம் பேசவைத்துக் கேட்டவனுக்கு அவள் நடை வராதா. "நல்லாருக்கேன்டா, எழுதிக்கிட்டிருக்கேன், அம்மாவப் பாத்துக்கோ" என்று எழுதினால் முனீஸ் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவான்.

இருபத்திரண்டாம் நாள், அம்மாவுக்கு மூச்சுவிட முடியவில்லை, பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று எழுதியிருந்தான். அவள் அப்போது ஒன்பதாம் அத்தியாயத்தைத் தொடங்கியிருந்தாள். மகளைத் தேடி அம்மா ஊரிலிருந்து கிளம்புகிற அத்தியாயம். நடுவில் கலைத்தால் அந்த ஓட்டம் திரும்ப வராது. சீக்கிரம் வருகிறேன் என்று பதில் போட்டேன். இருபத்தைந்தாம் நாள் அந்த அம்மாள் இறந்துபோனார். "அக்கா எப்ப வர்ற, எடுக்காம வச்சிருக்கோம்" என்று மூன்று தடவை கேட்டிருந்தான். ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் தாய் உண்டு. கடைசியில், "என்னால வர முடியாதுடா, நீயே கொள்ளி வச்சிரு" என்று அவள் நடையிலேயே எழுதினேன்.

அன்று மத்தியானம் கேரியர் கொண்டுபோனபோது, "எங்கம்மா எப்படி இருக்காங்க சார்" என்று கேட்டாள். தினமும் கேட்பதுதான்.

"நல்லா இருக்காங்க கண்ணு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாம் அத்தியாயத்தைக் கையில் கொடுத்தாள். பத்துப் பக்கம். அந்த அம்மா மங்கலம் ஸ்டாப்பில் இறங்குகிறாள். பேக்கரியை ஒட்டின சந்தில் திரும்புகிறாள். மஞ்சள் தண்ணீர்த்தொட்டியைத் தாண்டி வலது கைப்பக்கம் நாலாவது குடோன், நீல ஷட்டர், பக்கவாட்டில் இரும்புப் படி. பதினேழு படி ஏறினால் ஒரு கதவு, பித்தளைப் பூட்டு. அந்த அம்மாவுக்குக் கால் வலி. படிக்குப் படி நின்று நின்றுதான் ஏறுகிறாள். படித்து முடித்ததும் முதல் பக்கத்திலிருந்து இன்னொரு தடவை படித்தேன். இவ்வளவு நாள் பட்ட பாடு வீண்போகவில்லை என்று தோன்றியது.

இதழுக்கு அதைவிட நல்ல விஷயம் என்னிடம் இல்லை. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றலாமா என்று ஒரு நிமிஷம் பேனாவைக் கொண்டுபோனேன். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்திருந்தாள், பத்திலும். நான் கேட்காமலே போட்டிருந்தாள். அதற்கு மேல் ஒரு புள்ளியை மாற்றக்கூட எனக்குக் கை வராது என்பது என்னிடம் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். வெளிவரவிருக்கும் நாவலிலிருந்து என்று தலைப்புப் போட்டு அப்படியே அச்சடித்தேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். அம்மா சாவுக்குக்கூட அக்கா வரவில்லை என்று முனீஸ் சொல்லக் கேட்டிருந்த தேவிப்பிரியா அதை வாங்கிப் படித்திருக்கிறாள். ஐம்பத்தோராம் நாள், திங்கட்கிழமை காலை, கையில் இதழை விரித்துவைத்துக்கொண்டு அவள் முன்னால் வர, நீங்கள் பின்னால் வந்தீர்கள். நான் அப்போதுதான் கேரியரோடு படியேறியிருந்தேன். பூட்டை நானே திறந்துவிட்டேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நதியா தேவிப்பிரியாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது அம்மாவைத்தான். தேவிப்பிரியா என் முகத்தைப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியாதாடி? அம்மா போயிட்டாங்கடி" என்றாள்.

நதியா அழவில்லை. என் பக்கம் திரும்பி, "எந்தக் கெழம சார்?" என்று கேட்டாள்.

"புதன்கிழமைங்க கண்ணு. போன மாசம்."

கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தாள். "அந்தப் புதன்கெழமதான் கதையில நான் அவங்களப் பஸ்ஸு ஏத்துனேன்" என்றாள்.

நதியாவைப் பதினோராம் நாளிலிருந்து ஐம்பத்தோராம் நாள் வரை பூட்டி வைத்தது நான். பட்டினி போட்டது நான். அவள் பெயரில் பதில் எழுதியது நான். தாயின் சாவை மறைத்தது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. அவள் கேட்டதைச் செய்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கதையில் அந்த அம்மா பூட்டுக்கு முன்னால் நிற்பதோடு ஒன்பதாம் அத்தியாயம் முடிந்துவிட்டது. பத்தாவதை அவள் தினமும் எழுதி எழுதி அடித்தாளே தவிர முடிக்கவில்லை. நாளைக்கு அவளிடம் வாக்குமூலம் வாங்கப்போவதாகச் சொன்னீர்கள். அவசரப்படுத்த வேண்டாம். டீயில் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுங்கள். சொல்வதை ஓர் எழுத்து மாற்றாமல் எடுத்து, எனக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்க மறந்துவிடாதீர்கள்.