ஈ.சி.ஜி. மெஷினுக்கு முன்னால் படுத்தவர்

பஸ்ஸில் கரமனை நிறுத்தத்தில் இறங்க எழுந்தேன். முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் பேசியது காதில் விழுந்ததும் உட்கார்ந்துவிட்டேன். என் காது அவ்வளவு நீளம்.

"ரேடியோ மெக்கானிக் படிச்சவன் பாட்டு கேட்டுச் சோதிப்பான், அண்ணாச்சி. ஆஸ்பத்திரி மெஷினுக்கு நாமளே படுக்கணும்."

"எதுக்குவே?"

"ஈ.சி.ஜி. மெஷினை ரிப்பேர் பார்த்தேன். சோதிக்க ஆளில்ல. வயரை என் நெஞ்சிலேயே மாட்டினேன். பேப்பரைப் பார்த்த மலையாளி டாக்டர், 'மெஷின் சரியாயிட்டில்லல்லோ', இன்னும் சரியாகலைன்னுட்டார்."

"பெறவு?"

"அவர் போனதும் கம்பவுண்டரைப் படுக்க வச்சேன். அவருக்குக் கோடு ஒழுங்கா வந்துது. மெஷின் சரியாத்தான் இருக்கு."

"ஐயோ! டாக்டர்ட்ட சொன்னீரா?"

"எப்படிச் சொல்ல? அடுத்த மாசம் என்னை வேலையில பெர்மனன்ட் ஆக்கப் போறாங்க. உடம்பு நல்லாயிருக்குன்னு அவர்தான் சர்ட்டிபிகேட் தரணும்."

"அப்போ மெஷின்?"

"அடுத்த மாசம் வரைக்கும் ரிப்பேர்தான், அண்ணாச்சி."