முப்பத்தொன்றாம் கோபுரத்தின் சிவப்புக் கோடுகள்

அந்த மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள், மேடம். வியர்த்தால் பரவாயில்லை. இறக்கை சுற்றுகிற சத்தத்தில் எனக்கு எதுவும் ஓடவில்லை. அப்புறம் இந்த வாக்குமூலத்தில் கையெழுத்து சரியாக வராது.

ஒரு கம்பெனியின் பங்கை வாங்கலாமா, வேண்டாமா என்று அறிக்கை எழுதுவது என் தொழில். பதினோரு வருஷமாகிறது. என் எழுத்தை நம்பிப் பணம் போடுகிறவர்கள் நிறையப் பேர். என் தங்கையும் போட்டாள். வீடு வாங்கச் சேர்த்தது முழுக்க அந்தக் காற்றாலைக் கம்பெனியில்தான் இருந்தது. போடச் சொன்னது நான்.

கம்பெனிக்குக் கழுத்துவரை கடன். வருமானத்தில் பாதிக்குமேல் வட்டிக்கே போனது. ஆனாலும் ஒரு தவணைகூடத் தவறவில்லை. எப்படி என்று தோண்டிப் பார்த்தேன். பராமரிப்புச் செலவு பாதியாகக் குறைந்திருந்தது. கோபுரங்கள் ஒன்றுகூடக் குறையவில்லை.

அங்கே கோபுரம் ஏறிப் பழுது பார்ப்பவர் என் தங்கை கணவர். அவரிடமே கேட்டேன். சிரித்தார்.

“போல்ட்டை முடுக்கினதும் நட்டு மேலயும் இரும்பு மேலயும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போடுவோம், மச்சான். நட்டு கழண்டா கோடு உடைஞ்சு தெரியும். இப்ப முடுக்க ஆளு ஏது? பழைய கோட்டை அழிச்சிட்டு புதுசா இழுத்து, போட்டோ எடுத்து அனுப்பிடறாங்க. வைத்தியம் கிடையாது, வெறும் மேக்கப்தான்.”

நானும் சிரித்தேன். அறிக்கையில் ‘செலவுக் கட்டுப்பாடு பாராட்டத்தக்கது’ என்று எழுதினேன். செலவு கட்டுப்பட்டுத்தானே இருந்தது.

புதுப் பங்கு வெளியிட்டுக் கடனை அடைக்கக் கம்பெனி தயாரானது. என் அறிக்கை வியாழக்கிழமை மாலை போக வேண்டும். செவ்வாயன்று அவர் ஒரு படம் அனுப்பினார். முப்பத்தொன்றாம் கோபுரம், மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் முடுக்கிச் சேர்த்த நடு இணைப்பு. நாற்பது நட்டில் இருபத்தாறில் கோடு உடைந்திருந்தது.

“எழுதிக் கொடுத்து இந்தக் காத்தாடிய நிறுத்தச் சொல்லப் போறேன், மச்சான்.”

“ரெண்டு வாரம் பொறுங்க மாப்ளே. புதுப் பணம் வந்தா எல்லாத்தையும் மாத்திடுவாங்க. இப்ப வாயத் திறந்தா உங்க வீட்டுக் காசும் சேர்ந்து போயிடும்.”

பொறுத்துக்கொண்டார். நல்ல மனுஷன்.

வியாழனன்று, அந்தக் கோபுரம் ஆடுகிறது என்று சந்தையில் ஒரு பேச்சு கிளம்பியது. இன்றைய படம் இல்லாமல் அறிக்கை வெளியே போகாது என்று எங்கள் மேலாளர் சொல்லிவிட்டார். மதியம் இரண்டு மணிக்கு மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

“காத்து ரொம்ப அடிக்குது, மச்சான். இந்தக் காத்துல ஏறவே கூடாது.”

“உள்ள இருக்கற ஏணிதானே? கோட்டை இழுத்து ஒரு போட்டோ. அவ்வளவுதான்.”

“பயமா இருக்கு, மச்சான்” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

“எனக்குந்தான்” என்றேன். அது பொய் இல்லை, மேடம்.

மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் படம் வந்தது. நாற்பது கோடுகள், எல்லாம் நேராக. ஓரத்தில் அவர் கட்டைவிரல், நகத்தில் சிவப்பு மை. படத்திலிருந்து விரலை வெட்டிவிட்டு அறிக்கையின் நான்காம் பக்கத்தில் ஒட்டினேன். சற்று நேரத்தில் கோபுரம் அந்த இணைப்பில்தான் முறிந்தது. அவர் இறங்கி முடித்திருக்கவில்லை.

தங்கை இப்போது என் வீட்டில் இருக்கிறாள். டீயை வைத்துவிட்டு எதிரில் உட்காருவாள். “அவ்வளவு காத்துல எதுக்கு ஏறினாரு? யாருண்ணா ஏறச் சொன்னது?” என்பாள். ஜன்னல் படபடத்தால் நான் எழுந்து போய்ச் சாத்துவேன். அவர் போன் உங்களிடம் கிடைத்துவிட்டது என்று கேட்டபோது, உண்மையில் கொஞ்சம் மூச்சு வந்தது.

என் சொந்தப் பங்குகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், விற்றேன். மதியம் இரண்டு மணி ஐம்பது நிமிடத்துக்கு. அப்போது அவர் ஏணியில் இருந்தார். தினமும் காலையில் காற்று நிலவரம் பார்ப்பது என் வழக்கம். காற்று அடித்தால்தானே கம்பெனிக்கு வருமானம். அன்றைய வேகம் அவருக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும்.

தங்கையின் பங்குகளும் என் பொறுப்பில்தான் இருந்தன. அவற்றைத் தொடவில்லை. அந்தக் கணக்கில் கொடுத்திருந்தது அவர் எண்; விற்றால் உடனே அவர் போனுக்குத் தகவல் போகும். பார்த்தால் பாதி ஏணியிலேயே திரும்பி இறங்கிவிடுவார்.

கோபுரம் நிற்கும் என்று நான் முழுசாக நம்பினேன், மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.