கோபத்தில் வந்த சொல்லுக்கு இடம் கொடுத்த அக்காவுக்கு

ஆங்கிலச் சொற்களுக்கு அருந்தமிழ்ப் பொருள் அளித்த அகராதி அரசியே! சிவப்பு மையால் எங்கள் செருக்கைச் செதுக்கிய செம்மலே! அடைமொழி கண்டால் அடித்துத் துவைக்கும் ஆசிரியர் திலகமே!

இதில் எதையெல்லாம் அடித்திருப்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நீங்கள் ஓய்வு பெறும் இன்று ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டருள வேண்டுகிறோம். மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று. இனித் திருத்த வழியில்லை.

ஒழுகும் ஜன்னலுக்கும் முனகும் மின்விசிறிக்கும் நடுவே, முப்பதாண்டுகளுக்கு மேலாக, இந்த ஆங்கில-தமிழ் அகராதியின் புதுச்சொல் பிரிவை ஆண்டீர்கள். வேலை தேடி வந்தவர்களைப் போலச் சொற்கள் உங்கள் மேசைமுன் வரிசையில் நின்றன. காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒட்டவைத்துக்கொண்டு ‘பிரஞ்ச்’ வந்தது. “லேட்டா எழுந்திருச்சதுக்கு ஒரு பேரா?” என்று கேட்டீர்கள், ஆனாலும் உட்கார இடம் கொடுத்தீர்கள். முன்பு மூடனைக் குறித்த ‘நைஸ்’ இன்று இனிமையாக உயர்ந்ததையும், முன்பு ஆசி பெற்றவரைக் குறித்த ‘சில்லி’ அசட்டுத்தனமாகச் சரிந்ததையும் விளக்கிவிட்டு, “சொல்லுக்கே இந்தக் கதி. நமக்குப் பதவி உயர்வு வந்தா என்ன, வராட்டி என்ன?” என்று முடித்தீர்கள். பதவி உயர்வுக்கு மனுப் போட்டிருந்தவர்களுக்கு அது அத்தனை ஆறுதலாக இல்லை.

ஒரு சொல் அகராதியில் ஏற, அது அச்சில் வந்திருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அதற்கு மேல் உங்கள் விதி ஒன்று உண்டு. அந்தச் சொல்லைப் பரிந்துரைக்காத யாராவது ஒருவர், இந்த அறையிலேயே, கோபத்தில் தன்னை மறந்து அதைச் சொல்ல வேண்டும். “யோசிச்சுப் பேசுறப்ப எல்லாரும் நடிப்பாங்க. கோபத்துல வர்றதுதான் சொல்லு” என்பீர்கள். இந்த விதிக்காகவே வம்புச் சண்டைகளை விலைக்கு வாங்கினோம். ஒருமுறை கணக்குப் பிரிவுக்காரரின் நாற்காலியை ஒளித்துவைத்துப் பார்த்தோம். அவருக்குக் கோபம் பிரமாதமாக வந்தது. வந்த சொற்கள் எல்லாம் பழையவை. அச்சில் ஏற்றத் தக்கவையாகவும் இல்லை.

இந்த விதியில்தான் ‘கோஸ்ட்’ மாட்டிக்கொண்டது. பேயைக் குறிக்கும் அந்தச் சொல்லை இளைஞர்கள் வினையாக்கி, பழகிக்கொண்டிருந்தவர் திடீரென்று பதிலே தராமல் மறைவதற்கு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பொருளைச் சேர்க்கும்படி துணையாசிரியர் ஆண்டுக்கணக்கில் உங்களிடம் மன்றாடினார். தலை நரைத்துவிட்ட அவர் உங்களுக்கு இன்னும் ‘தம்பி’தான்.

“பேய்னா கூப்பிடாமலே வரும் தம்பி. கூப்பிட்டும் வராதவனுக்கு அந்தப் பேரு எப்படிப் பொருந்தும்?”

“ஊரே சொல்லுது அக்கா.”

“ஊரு சொல்லட்டும். இந்த ரூம்ல யாரு சொன்னா?”

பதிப்பு அச்சேறும் நாள் நெருங்கியது. இதில் விட்டால், அடுத்த பதிப்பு வருவதற்குள் துணையாசிரியருக்கே பிரிவுபசாரம் நடந்து முடிந்திருக்கும். எங்களுக்கு வேறொரு கவலையும் இருந்தது. “போனா போனதுதான். இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன். போன் பண்ணாலும் எடுக்க மாட்டேன்” என்று தேநீர் வேளைதோறும் மிரட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அப்போதுதான் அச்சகத்துக்காரர் காணாமல் போனார். பிழை பார்க்க வேண்டிய மெய்ப்பும் வரவில்லை, பதிலும் வரவில்லை. சென்ற வாரம் ஒருவழியாக அவர் தொலைபேசியை எடுத்தபோது, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள்.

“ஏன்யா, நாலு நாளா எங்களை கோஸ்ட் பண்ணிட்டு, இப்ப என்னய்யா ஹலோ?”

துணையாசிரியர் தலையைத் தூக்கவில்லை, தூக்கினால் சிரித்துவிடுவார். கணக்குப் பிரிவுக்காரர், இதற்குத்தானா தம் நாற்காலியை ஒளித்தோம் என்பதுபோல் எங்களைப் பார்த்தார்.

பெரிய பதவியில் இருப்பவர்களைத் தங்கள் விதியே பிடித்துவிட்டால், உடனே அதற்கு ஒரு விதிவிலக்கு பிறக்கும். நீங்களும் வாயெடுத்தீர்கள். “அது தமிழ் பேசுறப்ப வந்தது, இங்கிலீஷ்ல இல்ல, அதனால…” என்று தொடங்கி, அங்கேயே நின்றீர்கள். அச்சகத்துக்காரர் தொலைபேசியில் “ஹலோ, ஹலோ” என்று கதறிக்கொண்டிருந்தார்.

“சரி. வேற மொழிக்குள்ள குடிவந்தும் மூச்சு விடுதுன்னா அதுக்கு உயிர் இருக்கு. நான் தோத்தேன். கொண்டாங்க தம்பி, எழுதிடலாம்.”

உங்கள் கையாலேயே பொருள் எழுதினீர்கள்: ‘சொல்லாமல் கொள்ளாமல் தொடர்பை அறுத்துக்கொள், அழைத்தாலும் பேசாதிரு.’ துணையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி என்றார். இந்த அலுவலகத்தில் எத்தனையோ தலைமைகளின் கீழ் வேலை பார்த்திருக்கிறோம். எல்லார் முன்னாலும் ‘நான் தோற்றேன்’ என்ற வாக்கியத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். இந்த மடலின் அடைமொழிகளை எல்லாம் நீங்கள் அடித்துவிட்டாலும் அந்த ஒரு வாக்கியம் நிற்கும்.

முழங்கால் முனகாமலும், கண் மங்காமலும், கடைப் பலகைகளின் பிழைகளைப் பார்த்து இரத்த அழுத்தம் ஏறாமலும், நெடுங்காலம் நிறைந்து வாழுங்கள். புதுச்சொற்கள் உங்களைத் தேடி வீட்டுக்கே வரட்டும். அங்கே யார்மீது கோபப்படுவது என்பதை வீட்டார் முடிவுசெய்துகொள்ளட்டும்.

நாளைக் காலை, தேநீர் வந்ததும் உங்களை அழைப்போம். அடுத்த எழுத்தில் ஒரு சொல் எங்களைப் பாடாய்ப் படுத்துகிறது. தயவுசெய்து எடுங்கள் அக்கா. எடுக்காவிட்டால் அதற்கு இப்போது எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது. பொருளும் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது.

தொலைபேசிப் பக்கத்திலேயே காத்திருக்கும்,
அகராதி அலுவலகத்தார்
(நாற்காலி திரும்பக் கிடைத்த கணக்குப் பிரிவு உட்பட)